அசையாத அறுபத்தாறு

...வருகை மறுபடியும் அறுபத்தாறு புள்ளி ஏழுதான், போன வாரமும் அதேதான், அதற்கு முந்தின வாரமும், ஆறு வாரமாக ஒரு எண் எப்படி இம்மிகூட அசையாமல் இருக்கும், கணினிதான் மக்கர் பண்ணுகிறதோ என்று பக்கத்தை மூடித் திறந்து பார்த்துவிட்டேன், அது பாட்டுக்கு நிற்கிறது. எண்ணுக்குச் சொந்தக்காரி என் எதிரேதான் உட்கார்ந்திருக்கிறாள், முதலாண்டு மாணவி, நான் தும்மினால்கூட நோட்டில் எழுதிக்கொள்வாள் போல, அதனால் மனதுக்குள் அவளுக்கு நோட்டுக்காரி என்று பெயர். பதினொன்றே காலுக்கு வரச் சொன்னால் பதினொன்று பத்துக்கே வந்துவிடுகிறாள். புள்ளியியல் வகுப்பில் வருகை எழுபத்தைந்து சதவீதத்தைத் தொடாதவர்களுக்குத் தேர்வு கிடையாது, அந்தப் பட்டியல் இன்று ஒரு மணிக்கு முதல்வர் மேசைக்குப் போகிறது, அதில் இவள் பெயர் இருக்கிறது, இவளைக் காப்பாற்றத்தான் எனக்குச் சம்பளம். கதவில் 'கல்வி வெற்றிப் பயிற்றுநர்' என்று பலகை, வாசல் காவலாளி என்னை வெற்றி மேடம் என்றுதான் கூப்பிடுகிறார், கிண்டலா மரியாதையா என்று இன்னும் பிடிபடவில்லை... முன்னால் இது நகல் எடுக்கும் அறை, இயந்திரம் நின்ற இடத்தில் தரை இன்னும் வெளுத்துக் கிடக்கிறது, அதன் மேல்தான் என் நாற்காலி. அக்கா போன வாரம் போனில் கேட்டாள், பாடம் நடத்த மாட்ட, பேப்பர் திருத்த மாட்ட, அப்புறம் அங்க என்னதான்டீ பண்ற என்று. விளக்கினேன். வருகை குறைந்தால் மாணவர் பெயர் திரையில் சிவப்பாகும், டைம்டேபிளில் அவருக்குக் காலியாக இருக்கிற நேரமாகப் பார்த்துக் கணினியே ஒரு சந்திப்பைப் போட்டுத் தகவல் அனுப்பும், அவர் வருவார், நான் பேசுவேன், எண் ஏறும், சிவப்பு பச்சையாகும், எவ்வளவு அழகான ஏற்பாடு பார் என்றேன். ஏறுதா என்றாள். அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று பொய் சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

ஏறவில்லையே. இறங்கவும் இல்லையே, அதுதான் மண்டையைக் குடைகிறது. மட்டம் போடுகிறவர்களின் எண்ணை எனக்குத் தெரியும், அது ஊஞ்சல் மாதிரி ஆடும், ஒரு வாரம் எல்லா வகுப்புக்கும் வருவார்கள், மறுவாரம் ஆளே இருக்க மாட்டார்கள். எண் ஆடாமல் நிற்க வேண்டுமென்றால் ஒரே வழிதான், வாரத்துக்கு மூன்று வகுப்பு, அதில் ஒன்றை, ஒன்றை மட்டும், வாராவாரம் தவறாமல் தவறவிட வேண்டும். மட்டம் போடுவதில் இவ்வளவு ஒழுங்கா? இரண்டாம் வாரம் காய்ச்சலில் இரண்டு வகுப்பு போனது, அப்போது சிவப்பானாள், சரி. அதற்குப் பிறகு திங்கள் வந்திருக்கிறாள், புதன் வந்திருக்கிறாள், வெள்ளிதான் வரவில்லை, ஒரு வெள்ளிகூட இல்லை. இரண்டாவது சந்திப்பிலேயே கேட்டேன், வெள்ளிக்கிழமை ஏன் வரல என்று. வெள்ளிக்கிழமை வகுப்பு இல்லையே மேடம் என்றாள். திரையை அவள் பக்கம் திருப்பி, இதோ இருக்கே என்று காட்டி, உண்மை பேசுவதைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினேன்... அதையும் எழுதிக்கொண்டாள். அன்றோடு சரி, எது சொன்னாலும் சரி மேடம்தான். அட்டவணை போட்டுத் தந்தேன், சரி மேடம், அலாரம் வைக்கச் சொன்னேன், சரி மேடம். படிவத்தில் 'வராததற்குக் காரணம்' என்ற கட்டத்தில் ஆறு வாரமாக நானே 'ஆர்வமின்மை' என்று எழுதுகிறேன், ஆர்வமில்லாதவள் ஐந்து நிமிடம் முன்னால் வந்து உட்கார்வாளா என்று ஒரு தடவையாவது யோசித்தேனா? முதல்வரிடம் புலம்பினால், நோயாளிதானேம்மா ஆஸ்பத்திரிக்கு வருவாங்க, உங்ககிட்ட வர்றவங்க அப்படித்தான் இருப்பாங்க என்று ஆறுதல் சொல்கிறார். ஆறு வாரம் மருந்து கொடுத்தும் காய்ச்சல் அதே அளவில் நின்றால் சந்தேகப்பட வேண்டியது நோயாளியையா, மருந்தையா...

மணி அடிக்கிறது, மூன்றாம் பாடவேளை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் புள்ளியியல் ஆசிரியர் போகிறார், கையில் ப்ரொஜெக்டர் வயரைப் பாம்பு மாதிரி சுற்றிக்கொண்டு, பின்னால் இருபது முப்பது பிள்ளைகள் மாடிப்படி ஏறுகிறார்கள், அதில் ஒருத்தி இவளைப் பார்த்துக் கையசைக்கிறாள். இவள் அசைக்கவில்லை, படிவத்தில் தலையை இன்னும் தாழ்த்திக்கொள்கிறாள். ஏன் தாழ்த்துகிறாள்?

"சார் எங்கம்மா போறாரு?"

"கிளாஸுக்கு மேடம்."

"எந்த கிளாஸ்?"

"எங்க கிளாஸ்தான் மேடம்."

செவ்வாய்க்கிழமையிலா... மெதுவாகத்தான் வாங்க முடிந்தது, ஒவ்வொரு வாக்கியமாக. மேல் ஹாலில் ப்ரொஜெக்டர் வெள்ளிக்கிழமை கிடைக்கவில்லையாம், மூன்றாம் வாரத்திலிருந்து வெள்ளி வகுப்பைச் செவ்வாய்க்கு மாற்றிவிட்டாராம், வாயால் சொன்னதோடு சரி. கணினியில் அந்தக் கட்டத்தை நகர்த்த அலுவலகத்துக்கு எழுதித் தர வேண்டும், அவர் எழுதியிருக்க மாட்டார், செவ்வாய் வருகையை வெள்ளிக் கட்டத்திலேயே போட்டுக்கொண்டிருக்கிறார். அதனால் கணினிக்குச் செவ்வாய் காலி. காலி என்பதால் என்னிடம் அனுப்புகிறது. என்னிடம் வருவதால் வகுப்பு போகிறது, போவதால் சிவப்பு, சிவப்பென்பதால் மறுபடி என்னிடம்... அக்காவிடம் அழகு என்றேனே, எவ்வளவு கச்சிதமாகச் சுற்றுகிறது, ஒவ்வொரு பல்லும் சரியாக மாட்டி, நடுவில் அச்சாணியாக நான்.

"தெரிஞ்சும் ஏன் இங்க வந்து உக்காந்த?"

"கண்டிப்பா வரணும்னு மெசேஜ் வந்துச்சு மேடம். நீங்க கூப்பிட்டீங்க." பேனா மூடியைத் திருகினாள். "இங்க கையெழுத்து போட்டா அங்க வந்த மாதிரின்னு நெனச்சேன்."

கோபம் வருகிறது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை, கணினி மேலா, வயரைச் சுற்றிக்கொண்டு போனவர் மேலா, ஒரு தடவை நிமிர்ந்து எனக்கு இப்ப கிளாஸ் இருக்கு மேடம் என்று சொல்லாத இவள் மேலா. எப்படிச் சொல்வாள், அன்றைக்கே சொன்னாளே, வகுப்பு வெள்ளியில் இல்லை என்று, அதற்குத்தானே கால் மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை ஏன் வரவில்லை என்று ஆறு வாரம் கேட்டேன், அந்த வகுப்பு நடந்தபோது எங்கே இருந்தாய் என்று கேட்டதே இல்லை. இருபத்து நான்கில் பதினாறு, என் ஆறைச் சேர்த்தால் இருபத்திரண்டு, தொண்ணூற்றொன்று சதவீதம்... இவள் என்னிடம் வராமலே இருந்திருந்தால். இன்றைக்குப் போட்டிருக்கிற மற்ற நான்கு பேர்? அவர்கள் எந்த வகுப்பிலிருந்து எழுந்து வருகிறார்கள்?

படிவத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, மேல போம்மா, லேட்டானதுக்குக் காரணம் நான்னு சார்கிட்ட சொல்லு என்றேன். சரி மேடம் என்றாள், வழக்கம் போல, ஆனால் போகிற வேகத்தில் நாற்காலியை இடித்துக்கொண்டு போனாள். இனி செய்ய வேண்டியது இதுதான்: ஆறு செவ்வாய்க்கிழமையும் அந்த நேரத்தில் அவள் என் எதிரே இருந்தாள் என்பதற்கு என் பதிவேட்டில் அவள் கையெழுத்து இருக்கிறது, அதை நகலெடுத்து, 'காரணம்: என் சந்திப்பு' என்று எழுதி, ஒரு மணிக்குள் முதல்வரிடம் கொடுத்து அந்த ஆறு நாளையும் வந்ததாகத் திருத்தச் சொல்ல வேண்டும், இனிமேல் யாரையும் கூப்பிடும் முன் அந்த நேரத்தில் உனக்கு என்ன வகுப்பு என்று அவர்களிடமே கேட்க வேண்டும்.