வெளக்க அணைக்காதீங்க

தம்பியின் படத்தைப் பார்க்க ஜெனிஃபர் தனியாகத்தான் போனாள். அம்மாவைக் கீழ்வீட்டு ஜெயலட்சுமியிடம் விட்டுவிட்டு, ஜோகுபாளையத்திலிருந்து ஆட்டோ பிடித்து மதியக் காட்சிக்கு மாலுக்குப் போய்ச் சேர்ந்தாள். தியேட்டர் வாசலில் பெரிய அட்டை நின்றிருந்தது. எழுத்து, இயக்கம்: சாமுவேல் டேவிட். டேவிட் என்ற அப்பாவின் பெயரை அத்தனை பெரிய எழுத்தில் அவள் கல்லறையில்கூடப் பார்த்ததில்லை. போனை எடுத்து ஒரு படம் பிடித்துக்கொண்டாள்.

கதை பூமிக்கடியில் நடந்தது. மூடிப்போன தங்கச் சுரங்கம் ஒன்றின் அடியாழத்தில், நட்சத்திரங்களிலிருந்து வரும் கண்ணுக்குத் தெரியாத துகள்களைப் பிடிக்க விஞ்ஞானிகள் சிலர் ஒரு கருவியை இறக்குகிறார்கள். கருவியில் துகள் விழவில்லை. ஒரு குரல் விழுகிறது. அதைக் கேட்டவர்களுக்கு மேலே இருக்கும் மனிதர்கள் ஒவ்வொருவராக மறந்துபோகிறார்கள். முதலில் பக்கத்து வீட்டுக்காரர், பிறகு நண்பன், கடைசியில் பெற்ற பிள்ளை. பேய் இல்லை, ரத்தம் இல்லை. யாராவது ஒருவர் சுவரைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் கூட்டம் நெளிந்தது. பின்வரிசையில் நண்பர்களோடு வந்திருந்த ஒருவன், "மச்சி, ஸ்க்ரீன் ஹேங் ஆயிடுச்சாடா?" என்றான். நாலு பக்கமும் சிரிப்பு. குழந்தையோடு வந்த ஒரு தம்பதி எழுந்து போனார்கள். தம்பி இத்தனை வருஷம் நாயாய் அலைந்து எடுத்த படம். ஜெனிஃபர் சிரிக்கிறவனைத் திரும்பி முறைத்தாள்.

அப்போதுதான் அந்தக் குரல் வந்தது.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. குரலைத் தாழ்த்தி, இழுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். நாற்காலியின் அடியிலிருந்து கிளம்புவதுபோல இருந்தது. "வெளக்க அணைக்காதீங்க..." பிறகு ஒரு சின்னச் செருமல். "அவரு இன்னும் மேல வர்ல."

அந்தச் செருமல் காட்டிக்கொடுத்தது. தினமும் காலையில் பல் தேய்த்துவிடும்போது அவள் கேட்கிற செருமல் அது. அம்மா.

முன்வரிசைப் பெண் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். யாரோ "அய்யோ" என்றார்கள். ஹேங் ஆயிடுச்சா என்று கேட்டவன் பக்கத்து நண்பனின் சட்டையைப் பிடித்துக்கொண்டான். அதற்குப் பிறகு திரையில் அந்தக் குரல் வரும்போதெல்லாம் முந்நூறு பேரும் ஒரே உடம்பாகச் சுருங்கினார்கள். ஜெனிஃபர் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தன் தாயின் குரலுக்கு ஒரு கூட்டமே நடுங்குவதை எப்படிப் பார்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கோலார் தங்கவயலில் அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஒருநாள் அப்பா கீழே வேலையில் இருந்தபோது சுரங்கத்துக்குள் பாறை வெடித்தது. தொழிலாளர் குடியிருந்த லைன் வீடுகளில் தட்டுமுட்டுச் சாமானெல்லாம் உருண்டது. அம்மா செண்பகம் கைக்குழந்தை சாமுவேலை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஆளிறக்கும் ஷாஃப்ட் வாசலில் நின்றாள். இருட்டியது. பொழுது விடிந்தது. மறுநாள்தான் அப்பா மேலே வந்தார், முகமெல்லாம் தூசியாக, தன் காலாலேயே நடந்து. அதன் பிறகு பல வருஷம் வாழ்ந்து, சுரங்கத் தூசி தின்ற நுரையீரலோடு கட்டிலில் செத்தார். ஆனால் நினைவு குலையத் தொடங்கியதும் அம்மாவிடம் கல்யாணம் நிற்கவில்லை, பிள்ளைகள் நிற்கவில்லை, அப்பாவின் சாவுகூட நிற்கவில்லை. அந்தக் காத்திருப்பு மட்டும் நின்றுவிட்டது. பொழுது சாய்ந்தால் போதும், யாரையும் விளக்கை அணைக்க விடமாட்டாள்.

படம் முடிந்ததும் கைதட்டல் எழுந்தது. முதலில் தயங்கித் தயங்கி, பிறகு எல்லோரும் எழுந்து நின்று. பார்த்தவர்களோடு பேச சாமுவேல் கறுப்புச் சட்டையில் திரைக்கு முன்னால் வந்து கும்பிட்டான். மைக் கூட்டத்துக்குள் சுற்றியது.

"சார், அவங்க எல்லாரும் முன்னாடியே செத்துட்டாங்க, கரெக்டா?" என்றான் ஒருவன்.

"இல்ல, அவங்க மனுஷங்களே இல்ல. பூமியோட மெமரிதான் அவங்க. அந்தக் குரல்தான் உண்மையான மனுஷி. மேல இருக்கறது அது, கீழ இருக்கறது இவங்க," என்றார் கண்ணாடிக்காரர் ஒருவர். சாமுவேல் புன்னகையோடு, "உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படி," என்றான். அதற்கும் கைதட்டினார்கள்.

காதைப் பொத்திக்கொண்ட பெண் எழுந்தாள். "அந்த வாய்ஸ் ஏஐ-யா சார்? இன்னும் காதுக்குள்ளயே நிக்குது."

"ஏஐ இல்லங்க. நிஜக் குரல்தான். ஒரு வயசான அம்மா. அதுமேல எங்க சவுண்ட் டீம் நிறைய வேலை செஞ்சிருக்காங்க."

ஜெனிஃபர் கையைத் தூக்கினாள். மைக் வந்தது. அது இத்தனை கனமாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

"அந்த அம்மாவுக்கு இந்தப் படத்தக் காட்டினீங்களா?"

கண்ணில் விழுந்த வெளிச்சத்தைக் கையால் மறைத்துக்கொண்டு சாமுவேல் அவள் பக்கம் பார்த்தான். யாரென்று தெரிந்துகொண்டான். ஒரு கணம் உதடு அசைந்தது. பிறகு, "அவங்களுக்கு இந்தப் படம் புரியாதுங்க," என்றான்.

"எங்களுக்கே புரியல சார்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கத்தியது. தியேட்டரே வெடித்துச் சிரித்தது. சாமுவேலும் சிரித்தான். மைக் அடுத்தவர் கைக்குப் போனது.

எஸ்கலேட்டர் பக்கத்தில் அவன் ஓடிவந்து அவளைப் பிடித்தான்.

"அக்கா, நில்லு. நான் சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"எப்ப எடுத்த?"

அவன் சொல்ல வேண்டியதும் இல்லை. போன மழைக்காலம் முழுக்க வாராவாரம் வந்தானே. வருஷக்கணக்கில் எட்டிப் பார்க்காதவன், சாயங்காலமாய் வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். போன் தலையணை ஓரம் கவிழ்ந்து கிடந்தது. அம்மா புலம்பப் புலம்ப, "இன்னும் சொல்லும்மா, யார் வர்ல?" என்று பொறுமையாகக் கேட்டான். அடுக்களையில் நின்று அதைக் கேட்ட ஜெனிஃபருக்குக் கண் கலங்கியது. இப்போதாவது புத்தி வந்ததே என்று ஆட்டுக்கறி வாங்கிவந்து குழம்பு வைத்துப் போட்டாள்.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" என்றாள்.

"யாரக் கேக்கறது? அம்மாவக் கேட்டா புரியாது. உன்னக் கேட்டா வேணாம்னுவ. அந்தக் குரல் இல்லன்னா படமே இல்லக்கா. பாத்தியில்ல, எப்படி உறைஞ்சு போனாங்கன்னு!"

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவன் முகம் பூரித்திருந்தது. அவள் எஸ்கலேட்டரில் காலை வைத்தாள்.

படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. புரியவில்லை என்றவர்கள் மறுபடியும் போனார்கள். புரிந்தது என்றவர்கள் மணிக்கணக்கில் விளக்கம் பேசி வீடியோ போட்டார்கள். தூக்கம் வரவில்லை என்று சிலர், தூங்கிவிட்டோம் என்று சிலர். எல்லோருக்கும் பொதுவாக அந்த ஒரு வாக்கியம் இருந்தது. பிரேசர் டவுனில் ஜெனிஃபர் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையில் ஒரு சாயங்காலம் மின்சாரம் போனபோது, காத்திருந்தவர்களில் ஒருவர் அடித்தொண்டையில், "வெளக்க அணைக்காதீங்க" என்றார். பல்வலியோடு உட்கார்ந்திருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள்.

கீழ்வீட்டு ஜெயலட்சுமியின் மகள் வைஷ்ணவி கல்லூரியில் படிக்கிறாள். அவளும் ரீல் போட்டாள். முகத்தில் மாவைப் பூசிக்கொண்டு, மாடிப்படி இருட்டில் உட்கார்ந்து, போனில் ஓடும் குரலுக்கு வாயசைத்தாள். சரியாக வரவில்லை என்று திரும்பத் திரும்ப எடுத்தாள். மேலே கதவு திறந்திருந்தது. "வெளக்க அணைக்காதீங்க... அவரு இன்னும் மேல வர்ல."

சோறு வாங்கிக்கொண்டிருந்த அம்மா, ஜெனிஃபரின் கையைத் தட்டிவிட்டு நிமிர்ந்தாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். பயமில்லை அவள் முகத்தில்.

"பாவம்டி, யார் வீட்டுப் பொண்ணோ," என்றாள். "எவ்ளோ நேரமா சொல்லிட்டு இருக்கா. யாராவது போய் பதில் சொல்லுங்களேன்."

ஜெனிஃபர் படியிறங்கிப் போனாள். அவளைப் பார்த்ததும் வைஷ்ணவி மாவு முகத்தோடு சிரித்தாள். "ஆண்ட்டி, பயந்துட்டீங்களா?"

"இங்க எடுக்காத கண்ணு. பாட்டி தூங்கணும்," என்றாள் ஜெனிஃபர். வேறு என்ன சொல்வது? அது உன் தலைக்கு மேலே இருக்கிற வீட்டுக் குரல் என்றா? சொன்னால் அந்தப் பெண் போனைத் தூக்கிக்கொண்டு மாடிக்கே வந்துவிடுவாள்.

இரண்டாவது வாரம் சாமுவேல் வந்தான். பூப்போட்ட கேக் பெட்டியும், கேமராவோடு ஒரு ஆளும் கூடவே. கேமராக்காரன் வாசலில் நின்றான்.

"சின்னதா ஒரு வீடியோக்கா. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரங்க யாருன்னு ஜனங்க கேக்கறாங்க. அம்மாவ ஒருதடவ காட்டினா போதும். நான் பக்கத்துல உக்காந்து ஊட்டிவிடற மாதிரி."

"ஊட்டிவிடற மாதிரியா?"

"அக்கா, ப்ளீஸ். எனக்கும் அவங்க அம்மாதான்."

பேச்சுச் சத்தம் கேட்டு அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். மகனைப் பார்த்தாள். இஸ்திரி போட்ட சட்டை, பளபளப்பான ஷூ. சட்டென்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கைகூப்பினாள்.

"ஐயா, கம்பெனி ஆபீஸ்ல இருந்தா வர்றீங்க? எத்தன பேர் மேல வந்தாங்க ஐயா?"

தலையணை ஓரத்துப் போனுக்காக அத்தனை பொறுமையாகக் கேள்வி கேட்டவன், கேள்வி தன் பக்கம் திரும்பியதும் அக்காவைப் பார்த்தான்.

"என்ன ஏன் பாக்கற? பதில் சொல்லு," என்றாள் ஜெனிஃபர்.

"வந்துடுவாங்கம்மா," என்றான் அவன் மெதுவாக. "எல்லாரும் வந்துடுவாங்க."

அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்காளுங்க எல்லாரும் இதையேதான் சொல்றீங்க," என்றாள். திரும்பி உள்ளே போய்விட்டாள்.

ஜெனிஃபர் கேக் பெட்டியை எடுத்துக் கேமராக்காரன் கையில் கொடுத்து, சாமுவேலையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். அவன் ஷூச் சத்தம் படியில் இறங்கிப் போனது.

ஆனாலும் அவன் விடவில்லை. ஒரு பேட்டியில், அம்மாவின் பழைய போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு, தன் தாயின் நோயிலிருந்து பிறந்த படம் இது என்றான். அவளைப் பார்த்துக்கொள்ளும் ஒவ்வொரு நாளும் தனக்கு ஒரு பாடம் என்றான். அந்த இடத்தில் அவன் குரல் உடைந்தது. அந்த உடைவு நிஜமாகவே இருக்கலாம். ஜெனிஃபரால் அதைத் தீர்மானிக்க முடியவில்லை. பயந்து சிரித்த ஜனமெல்லாம் இப்போது பேட்டி வீடியோவுக்குக் கீழே எழுதிய வரிகளில் அழுதது.

மறுநாள் மருத்துவமனையில் டாக்டர் வித்யாலட்சுமி அவளைக் கூப்பிட்டுப் பேட்டியைக் காட்டினார். அவருக்குக் கண்ணெல்லாம் ஈரம். "உங்க ஊர்க்காரராமே ஜெனிஃபர். என்ன பாசம் பாருங்க! இப்படி ஒரு பிள்ளை கிடைக்க அந்தம்மா கொடுத்து வச்சிருக்கணும்."

ஜெனிஃபர் திரையிலிருந்த போட்டோவைப் பார்த்தாள். அது அவள் அலமாரியில் இருந்த போட்டோ. எப்போது எடுத்துக்கொண்டு போனான் என்று தெரியவில்லை.

"ஆமாம் டாக்டர்," என்றாள். வெளியே வந்து, காத்திருந்தவர்களில் அடுத்தவரின் பெயரைக் கூப்பிட்டாள்.