நானூற்றுப் பன்னிரண்டாவது அடி

திரையில் எண்கள் ஓடின. நானூற்றுப் பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. நிற்கவில்லை.

மெஷின்களின் மென்பொருளைச் சோதிப்பது அவள் வேலை. பிரஸ் மெஷினின் பதிவை, பிழை தேடும் டீபக்கரில் ஓடவிட்டு, மெஷின் இறங்கிய ஒவ்வோர் அடியையும் எண்ணிப் பார், நானூற்றுப் பன்னிரண்டு வரும்வரை சுற்று, வந்ததும் நில் என்று லூப் கட்டளை எழுதியிருந்தாள். போன வாரம் அந்த அடியில்தான் கீழ்த்தளத்து ஆபரேட்டருக்கு வலதுகையில் மூன்று விரல்கள் போயின. பாதுகாப்புக் கதவு மூடினால்தான் மெஷின் இறங்க வேண்டும். திறந்திருக்கும்போதே இறங்கியது என்றான் அவன். மூடிய கதவின் இடுக்கில் கையை விட்டான் என்றது நிர்வாகம். அவன் சொல்வது நிஜமென்றால் நஷ்டஈடும் வேலையும் உண்டு. இல்லையென்றால் இரண்டும் இல்லை.

"என்னடி, செக்குமாடு இன்னும் சுத்துதா? நேத்தே பழுதில்லன்னு எழுதிக் குடுத்துட்டல்ல?" என்றாள் பக்கத்து சீட்டுக்காரி.

"குடுத்துட்டேன்க்கா. நின்ன எடத்துல கதவு மூடித்தான் இருந்துச்சு. ஆனா அது நின்ன எடமே வேறக்கா."

தொள்ளாயிரத்தோடு பதிவு தீர்ந்துபோய் நின்றதை, தன் கட்டளைக்கு நின்றதாக நேற்று எண்ணிவிட்டாள். பத்தின் கணக்கு என்று காட்டும் முன்குறி போடாத எண்ணை இந்த டீபக்கர் ஹெக்ஸ் எனும் பதினாறின் கணக்கில் படிக்கும். நானூற்றுப் பன்னிரண்டு என்று அவள் அடித்தது அதற்கு ஆயிரத்து நாற்பத்திரண்டு, பதிவிலேயே இல்லாத அடி. புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவள் முதல்நாளே சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

முன்குறி போட்டு மறுபடி ஓடவிட்டாள். கண் இமைப்பதற்குள் நின்றது. கதவு: திறப்பு. பிரஸ்: இறக்கம்.

டீம் லீட் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவள் நீட்டிய தாளைப் பார்த்தார்.

"நேத்து இல்லன்னு எழுதினதும் நீதானேம்மா?"

"என் தப்புதான் சார். மாத்தி எழுதிடறேன்."

"அது மேல போயாச்சு. இப்ப மாத்தினா அந்த மாடல் மெஷின் அத்தனையும் நிறுத்தணும். உன் கான்ட்ராக்ட் வேற இந்த மாசம் முடியுது. போ, வேலையப் பாரு."

அவள் படியிறங்கி ஓடினாள். வரவேற்பறையில் ஆபரேட்டர் உட்கார்ந்திருந்தான். வலதுகை கட்டோடு மடியில் கிடந்தது. தவறு தன்னுடையதே, நஷ்டஈடு வேண்டாம் என்ற தாள்களை அவன்முன் வைத்து, ஹெச்.ஆர். பெண் பேனாவை மூடி கழற்றி அவனது இடதுகையில் கொடுத்தாள்.

"அண்ணே, கையெழுத்துப் போடாதீங்க!"

அவன் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான்.

"ரெண்டு போட்டாச்சும்மா. இது கடைசி. தாள்தான் நழுவுது, கொஞ்சம் பிடிச்சுக்கறியா?"