உக்கிரவேந்தனை எடுத்தால்தான் தறி ஓடும்

கருநாகத் தீவின் மாமன்னன், சிறகு முளைத்த யாளிமேல் பறந்து பதினெட்டுப் போர்களை வென்றவன், உக்கிரவேந்தன், போன செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு மார்பில் வேல் தைத்துச் செத்துப்போனான். எதிரி கொன்றான் என்று கதையில் இருக்கிறது. உண்மையில் கொன்றது, பிள்ளையார்பாளையத்தில் பிளக்ஸ் பேனர் கடை வைத்திருக்கும் அந்தோணி.

மூன்று வருஷமாக, வாரத்தில் ஐந்து நாள், கடைக் கதவைச் சாத்திக்கொண்டு, தானே எழுதி, தானே கனத்த குரலில் வாசித்து, கதை கேட்கிற ஆப் ஒன்றில் அவர் ஏற்றிவந்த கதை அது. கடைசிப் பாகத்தில் மன்னன் போர்க்களத்தில் விழுந்தான், மழை பெய்தது, அத்தோடு நிறுத்திவிட்டார். 'இனி ஒரு மாத மௌனம்' என்று கீழே அறிவிப்பு வேறு. ஏன் சார் மௌனம் என்று கேட்டவர்களிடம், "கேட்பாரற்றுக் கிடக்கும் அரசன் ஒரு படிமம்" என்றார். படிமம் என்றால் என்னவென்று நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்கும் கஷ்டமாகத்தான் போயிருக்கும்.

வியாழக்கிழமை காலை தையல்கடை லுப்னா போன் பண்ணினாள். அந்தோணியின் ஒரே மகள் ஏஞ்சலுக்கு அடுத்த புதன்கிழமை சர்ச்சில் கல்யாணம். சந்தன வெள்ளையில் பட்டுப்புடவை, நெசவாளி பஞ்சாட்சரத்தின் தறியில் ஏறியிருந்தது.

"அண்ணா, ஜாக்கெட் துணி இன்னும் வரலியே. சனிக்கிழமை கைக்கு வந்தாத்தான் செவ்வாக்கிழமை தெச்சுத் தருவேன். அப்புறம் பொண்ணு ஷால் போத்திக்கினு நின்னா என்னைச் சொல்லக்கூடாது."

ஜாக்கெட் துணி புடவையோடு சேர்த்துக் கடைசியாக நெய்வது. அந்தோணி வண்டியை முறுக்கிக்கொண்டு போனார்.

தெருவில் நுழையும்போதே காதில் ஏதோ குறைந்தது. தறிச் சத்தம். பஞ்சாட்சரம் தறிக்குழியில் இறங்காமல், பக்கத்தில் ஸ்டூல் போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தறியின்மேல் ஒரு பழைய வேட்டி போர்த்தியிருந்தது.

"இன்னாண்ணா, தறி நிக்குது?"

"சாவு வுழுந்துடுச்சில்ல."

அந்தோணி அவசரமாகச் செருப்பைக் கழற்றினார். "ஐயையோ, யாரு?"

"யாருன்னு நீ கேக்கறியா?" பஞ்சாட்சரம் நிமிர்ந்து பார்த்தார். "நெஞ்சுல வேலை எறிஞ்ச, மழைய வுட்ட, போய்க்கினே இருந்துட்ட. மூணு நாளா நனைஞ்சிக்கினு கெடக்குறான் மனுசன்."

அந்தத் தெருவில் ஒரு சாவு என்றால், எடுக்கிற வரைக்கும் யாரும் தறி நாடாவைத் தொட மாட்டார்கள். அது அந்தோணிக்கும் தெரியும். தன் ராஜாவுக்காக ஒரு தறி நிற்கிறது என்று புரிந்ததும் அவருக்குப் புல்லரித்தது. எந்த எழுத்தாளனுக்குக் கிடைத்திருக்கிறது இந்த மரியாதை! அப்புறம் போர்த்தியிருந்த வேட்டியைப் பார்த்தார். அடியில் இருப்பது மகளின் புடவை. புல்லரிப்பு அப்படியே படுத்துக்கொண்டது.

"அண்ணா, அது கதைண்ணா."

"கதைனு எனக்குத் தெரியாதா? என்னை இன்னா பைத்தியக்காரன்னு நெனச்சிக்கினியா? மூணு வருசமா போன்ல கேட்டுக்கினே, அவன் சண்டை போட்ற வேகத்துக்குத்தான் நான் மிதி மிதிக்கிறேன். இப்போ நாடாவை எடுத்தா கை வரல. கை வராம ஓட்டுனா உன் பொண்ணு புடவைலதான் பிசிர் காட்டும். பரவால்லியா?"

"சரி, இன்னா பண்ணணும்ன்ற?"

"எடுத்துடு."

"ஒரு மாசம் மௌனம்னு அறிவிச்சிட்டேனேண்ணா."

"மௌனத்தை நீ வெச்சிக்க. பொணத்தை எடு."

அந்தோணி தலையாட்டிவிட்டு வண்டிப் பக்கம் திரும்பினார். பின்னாலேயே குரல் வந்தது: "ஆமா, கொள்ளி வைக்க ஆரு இருக்கா அவனுக்கு?"

அந்தோணி யோசித்தார். யாருமில்லை. சர்ச் பாடகர் குழுவின் செயலாளரான அவருக்குக் காதல் காட்சி எழுதக் கூச்சம். அதனால் மன்னன் கடைசிவரை பிரம்மச்சாரி.

"பதினெட்டு சண்டை போட்டான். ஒரு வேளை சோறு துன்னதா நான் கேக்கல. குடும்பம் இல்ல, குட்டி இல்ல. இன்னா ராஜாவை வளத்த நீ?"

கடைக்கு வந்து எழுத உட்கார்ந்தார். வானம் அழுதது என்று ஒரு தாள். கடல் பின்வாங்கியது என்று ஒரு தாள். பன்னிரண்டு சிற்றரசர்கள் பொற்பாடை சுமந்தார்கள் என்று ஒன்று. மூன்று தாளும் சிதைக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டன. எழுதுகிறவனுக்கு வார்த்தை அடைபடும் என்று கூட்டங்களில் பேசியிருக்கிறார். இப்போது பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

ஏஞ்சல் சாப்பாட்டுக் கேரியரோடு வந்தாள். விஷயத்தைக் கேட்டு முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு தாள்களைப் படித்தாள்.

"ப்பா, நம்ம ராஜாவா இது? ஆளே அடையாளம் தெரியல."

அவளுக்கு ஆறு வயதில் அம்மை போட்டிருந்தது. சொறியாமல் படுக்க வைப்பதற்காக அந்தோணி பிறப்பித்த ராஜாதான் உக்கிரவேந்தன். அப்போது அவனுக்குத் தொப்பை இருந்தது. போருக்குப் போகுமுன் மந்தாரை இலையில் வெந்த கோயில் இட்லி பதினொன்று சாப்பிடுவான். யாளி மூச்சிரைத்துக்கொண்டு, "மன்னா, ரெண்டு இட்லி கம்மி பண்ணக் கூடாதா?" என்று அழும். ஆப்புக்குப் போனதும் தொப்பை கரைந்தது, மார்பு விரிந்தது, இட்லி காணாமல் போனது.

"இட்லியை ஏன்ப்பா எடுத்தீங்க?"

"கம்பீரமா இருக்கணும்ல."

"கொன்னது?"

படிமம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். வேறு வந்தது. "புதன்கிழமை நீ போயிடுவ. அதுக்கப்புறம் இவனை வெச்சிக்கினு நான் இன்னாமா பண்றது?"

அவள் வாழப் போகிற ஊர் தென்னேரி. பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அதற்குத்தான் ஒரு சாம்ராஜ்யம் கவிழ்ந்திருந்தது.

ஏஞ்சல் அவர் பக்கத்திலிருந்த மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "கதவைச் சாத்துங்கப்பா. சத்தம் போடாம ஒக்காருங்க."

நாலு மணிக்கு அடுத்த பாகம் வந்தது. குரல் புதிது.

'நான் அவருடைய பெண். அவர் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லத் தெரியாது அவருக்கு. மழை விட்ட பிறகு களத்துக்குப் போனேன். யாளி முதுகைக் குனிந்து கொடுத்தது. அவரை ஏற்றியதும் திரும்பிப் பார்த்து என்னைக் கேட்டது: எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை இவர்? இவ்வளவு லேசாக இருக்கிறாரே. கொள்ளியை நான்தான் வைத்தேன். வைக்குமுன் பக்கத்தில் ஓர் இலை போட்டேன். சுக்கும் மிளகும் மணக்க, சூடாக, பதினோரு இட்லி.'

அந்தோணி பேனர்த் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மூக்கில் மசி ஒட்டியது.

ஐந்து மணிக்குப் பஞ்சாட்சரத்தின் போன். "எடுத்தாச்சு. தலை முழுகிட்டு குழியில எறங்கிட்டேன்." அவர் குரலுக்குப் பின்னால் தறி லடக் லடக் என்று ஓடிக்கொண்டிருந்தது. "சனிக்கிழமை காலைல அறுத்துத் தரேன். அவனுக்குப் பொண்ணு இருக்குதுனு ஒரு வார்த்தை சொன்னியாபா நீ?"

"கல்யாணத்துக்கு வந்துடுங்கண்ணா."

"எனக்கு இன்னா, வரேன், நான் தெருக்காரன். எடுத்தா தீந்துச்சு. தீட்டு உனக்குத்தான், பதினாறு நாளு. பெத்தவன் நீதானே?"

கிறிஸ்தவருக்கு ஏது தீட்டு என்று அந்தோணி வாதாடவில்லை. போனை வைத்துவிட்டு, கல்யாணச் சமையல்காரர் சிட்டிபாபுவைக் கூப்பிட்டார்.

"காலை டிபன்ல கோயில் இட்லி சேத்துக்கப்பா."

"இலைக்கு எத்தினி சார்?"

"ஒண்ணு போதும். ஒரே ஒரு இலைக்கு மட்டும் பதினொண்ணு வை."

"பதினொண்ணா? யாரு சார் அந்தச் சாப்பாட்டு ராமன்?"

"பொண்ணு வீட்டுக்காரர்தான்," என்றார் அந்தோணி.