பின்பாரம்

எங்கள் ரைபிள் கிளப்பில் துப்பாக்கியின் பின்கட்டைக்குள் எடைக்காக ஈயம் போடுவதில்லை. கோபம்தான் போடுகிறோம். ஈயம் செத்த எடை, தோளில் சும்மா கிடக்கும். கோபம் தோளைப் பிடித்துக்கொள்ளும். வெளியூர்க் கிளப்புகளில் இன்னும் ஈயத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். அவர்கள் சுட்ட இலக்கு அட்டையைப் பார்த்தால் கரையான் அரித்த மாதிரி இருக்கும். நான் யாரையும் குறை சொல்லவில்லை.

எல்லாக் கோபமும் இதற்கு ஆகாது. பஸ்ஸில் காலை மிதித்தவன் மேல் வருவது வெறும் நுரை. கரண்ட் போனதற்கு வருகிற கோபம் கரண்ட் வந்ததும் போய்விடும். பங்காளிக் கோபம் கனமானதுதான், ஆனால் வேலித் தகராறு தீர்ந்த அன்றைக்கே கரைந்து ஒழுகும். நன்றாக ஊறியதாக இருக்க வேண்டும், எதிராளி உயிரோடு இருக்க வேண்டும், அடிக்கடி கண்ணிலும் பட வேண்டும். போட்டிக்கு அந்த ரகம்தான் நிற்கும்.

என் துப்பாக்கி சென்ற வருஷம் முன்பாரமாகிவிட்டது. அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் அரைத் தானியங்கி அது. ஏற்றும்போது ஓர் உதறு உதறும். முதல் தோட்டா நடுப்புள்ளிக்குப் போகும், அந்த உதறலில் குழல் தலையைத் தொங்கப்போடும், இரண்டாவது தோட்டா கீழே இடப்பக்கம் போய் விழும். உள்ளே போட்டிருந்தது, பக்கத்து வீட்டுக்காரர் என் முருங்கை மரத்தை வெட்டிய கோபம். அவர் காலமாகிவிட்டார். செத்தவர் மேல் எடை எத்தனை நாளைக்கு நிற்கும்?

இந்த நேரம் பார்த்துத்தான் நிர்வாகம் ஒரு தீர்மானம் போட்டது. இனிமேல் குடும்பத்துக்கு ஒரு துப்பாக்கி. ஒரே குடும்பத்தில் இருவர் சுடுகிறவர்களாக இருந்தால், ஆண்டுப் போட்டியில் யார் குறைந்த புள்ளி எடுக்கிறாரோ அவருடைய துப்பாக்கி உலையில் உருக்கப்படும், உள்ளே இருக்கிற கோபத்தோடு சேர்த்து. எனக்கு அடுத்த தடத்தில் சுடுகிறவன் சென்னியப்பன், என் மனைவி பாவாத்தாளின் தம்பி. அவன் என் குடும்பமே இல்லை என்று செயலாளரிடம் சொன்னேன். பெண்டாட்டியின் தம்பி குடும்பம் இல்லையென்றால் வேறு எவன் குடும்பம் என்று கேட்டுவிட்டு அவர் காப்பி குடித்தார்.

அவன் குடும்பம் இல்லாமல் போனது என் மகள் வாசுகியின் கல்யாணத்தன்று. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் வந்து பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டினால்தான் மேற்கொண்டு எதுவும் நடக்கும். இருந்த ஒரே தாய்மாமன் வரவில்லை. அந்தக் கோபத்தை இருபது வருஷமாகத் தொடாமல் வைத்திருந்தேன். வாசுகியே மறந்துவிட்டாள், தீபாவளிக்கு அவன் வீட்டுக்குப் போய் முறுக்குத் தின்கிறாள். அந்த நாளுக்காகக் கோபப்பட உலகத்தில் மிச்சம் இருந்தது நான் ஒருவன். அதைப் போட்டுத் தோற்றேன் என்றால் அதுவும் உலைக்குள் போய்விடும். போடாமல் சுட்டால் தோற்பது நிச்சயம். போடுவது என்று முடிவு செய்தேன்.

கோபத்தை வார்ப்பது பவுண்டரிக்கார மயிலாத்தாள். பம்புசெட்டு வார்ப்பது பகலில், கோபம் சாயங்காலத்தில். கட்டையின் ரப்பர் மூடியைக் கழற்றி, உள்ளே துடைத்து, குழிவில் வாயை வைத்து நடந்ததைச் சொல்லச் சொல்வாள். சொல்லி முடித்ததும் திருகி மூடி, காதுக்குப் பக்கத்தில் வைத்துத் தட்டிப் பார்ப்பாள்.

நான் சொன்னேன். பந்தலில் ஆயிரக்கணக்கில் ஜனம் இருந்ததையும், மந்திரி ஒருவர் முன்வரிசையில் வேர்த்துக்கொண்டு காத்திருந்ததையும், தாய்மாமனை ஏற்றிவர அலங்கரித்து நிறுத்தியிருந்த யானை பொறுமையிழந்து வாழைமரத்தைத் தின்றதையும் சொன்னேன். எதையும் சும்மா சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

மயிலாத்தாள் தட்டிப் பார்த்தாள். முகம் சுளித்தாள்.

"யானை வந்துதுங்களா?"

வரவில்லை என்றேன்.

"அப்புறம் எதுக்குங்க அதை உள்ள போட்டீங்க? பாதி காத்தாக் கெடக்குது. ரெண்டு தோட்டா வெடிச்சா நொறுங்கிப் போயிரும். அந்த மந்திரியையும் வெளிய எடுங்க."

கவிழ்த்துத் தட்டியதில் யானை முதலில் விழுந்தது, அப்புறம் மந்திரி. இரண்டையும் பெருக்கி மூலையில் தள்ளினாள். எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது. அதைக் கலந்துவிட வேண்டாம், ஒட்டாது என்று எச்சரித்தாள். மறுபடியும் வாயை வைத்தேன். இந்தத் தடவை, வாசுகி மணவறையில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று மட்டும் சொன்னேன்.

மூடித் தட்டினாள். கோயில் படிக்கல்லைத் தட்டிய மாதிரி சத்தமே எழவில்லை. துப்பாக்கியை ஒரு விரலில் நிறுத்தினாள், ஆடாமல் நின்றது.

போட்டியன்று முதல் சுற்றில் என் தோட்டாக்கள் எல்லாம் ஒரே ஓட்டை வழியாகப் போயின. உதறினாலும் குழல் அசையவில்லை. கண்ணை மூடினால் வாசுகியின் முகம், விசையைத் தொட்டால் போதும். சென்னியப்பனும் சளைக்கவில்லை. அவன் துப்பாக்கி எப்போதும் பாறையில் நட்டது போல நிற்கும். உள்ளே என்ன போட்டிருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது. ஒருவர் கட்டைக்குள் என்ன இருக்கிறது என்று அடுத்தவர் கேட்பது எங்கள் கிளப்பில் மரியாதைக் குறைவு.

முதல் சுற்று சமம். இடைவேளையில் அவன் என் தடத்துக்கு வந்தான். இருபது வருஷத்தில் முதல் தடவையாக என்னிடம் பேசினான்.

"மச்சான், அன்னைக்கு நான் வராதது தப்புத்தானுங்க. மன்னிச்சுப் போடுங்க."

சொல்லிவிட்டுப் போய்த் தன் பாயில் குப்புறப் படுத்துக்கொண்டான். என் கையில் துப்பாக்கி வைக்கோல் மாதிரி ஆகிவிட்டது. குழல் மெதுவாகத் தரையைப் பார்த்துக் குனிந்தது. மூடியைத் திருகிப் பார்த்தால் குழிவு கழுவி வைத்த தம்ளராக இருந்தது. நடுவரிடம் முறையிட்டேன். சுற்றுகளுக்கு நடுவில் மன்னிப்புக் கேட்பது விதிப்படி செல்லும் என்றார். அது நல்ல ஆட்டம் என்றுகூடப் பின்னால் யாரோ சொன்னார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மன்னிப்பு அவனிடம் இருபது வருஷமாக இருந்திருக்கிறது. என் அம்மா செத்தபோது எடுக்கவில்லை, பேரன் காதுகுத்துக்கு எடுக்கவில்லை. இன்றைக்குப் புள்ளி கிடைக்கும் என்று தெரிந்ததும் எடுத்து நீட்டுகிறான். வாயைக்கூட வைக்கவில்லை, கோபம் தானாகவே குழிவுக்குள் இறங்கிற்று. சூடாக இருந்தது. மூடியைத் திருகும்போது விரல் சுட்டது.

மரியாதை கிடக்கட்டும் என்று அவன் பாய்க்குப் பக்கத்தில் போய் நின்று கேட்டேன்.

"ஏன் வரலை மாப்பிள்ளை?"

அவன் துப்பாக்கியின் குழல் டங்கென்று சிமெண்டுத் தரையில் இடித்தது. அவன் அதைத் தூக்கப் பார்த்தான், தூக்க முடியவில்லை. இத்தனை வருஷமும் அவன் கட்டைக்குள் இருந்தது, ஏன் என்று ஒருத்தரும் அவனைக் கேட்கவில்லை என்கிற கோபம்தான். கேட்டாகிவிட்டது. அதனால் பின்பக்கம் காலி.

"நான் வந்தேன் மச்சான்," என்றான், தரையைப் பார்த்தபடியே. "மண்டபம் மாறிப் போயிட்டேன். அங்கயும் தாய்மாமன் வரலை. அந்தப் புள்ளை வாசலையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. என்னையக் கண்டதும் சிரிச்சுது. எப்படி எந்திரிச்சு வாரது, சொல்லுங்க?"

எவளோ ஒருத்தி நெற்றியில் பட்டம் கட்டிவிட்டு, பந்தியில் சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்குப் போயிருக்கிறான். அன்றிலிருந்து ஆடிக்கு அந்தப் பெண்ணை அழைத்துச் சீர் செய்கிறானாம். கேட்கக் கேட்கக் கோபம் ஏறிற்று. என் துப்பாக்கி பின்னால் சாய்ந்தது. கட்டை தரையில் ஊன்றிக்கொண்டது, குழல் கூரைத் தகரத்தைப் பார்த்தது. கயிறு கட்டி இழுத்தும் இறங்கவில்லை.

இரண்டாவது சுற்றுக்கு மணி அடித்தார்கள். சென்னியப்பன் சுட்டதெல்லாம் அவன் மூக்குக்கு முன்னாலேயே சிமெண்டைக் கொத்திற்று. நான் சுட்டால் தகரம்தான் ஓட்டையாகும். ஒரு தோட்டா அட்டையில் பட்டால் போதும், ஜெயித்துவிடலாம். படாவிட்டால் இந்தப் புதுக் கோபமும் உலைக்குப் போய்விடும். அது பழையதைவிட நல்ல கோபம்.

பார்வையாளர் பெஞ்சிலிருந்து பாவாத்தாள் எழுந்தாள். சாப்பாடு கொண்டுவந்த தூக்குப்போசியைக் கையில் எடுத்துக்கொண்டாள். புடவையை ஒதுக்கிக்கொண்டு, குழலைப் பற்றி ஏறி, நுனியில் இலக்கு அட்டையைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். குழல் இறங்கிவந்து மட்டமாக நின்றது. தூக்குப்போசியை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றினாள், காற்றுக்கான திருத்தமும் சரியாகிவிட்டது.

"சீக்கிரம் சுடுங்க," என்றாள். "ரசம் ஆறுது."

சுட்டேன். நடுப்புள்ளி. மிச்சத்தையும் அதன் மேலேயே சுட்டேன். ஒவ்வொரு உதறலுக்கும் அவள் தூக்குப்போசி மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நடுவர் என் பெயரை வாசித்தார். சென்னியப்பனின் துப்பாக்கியை மயிலாத்தாள் கிளப் வாசலிலேயே மூட்டியிருந்த உலையில் போட்டபோது உள்ளே ஒன்றுமில்லாததால் சீக்கிரம் உருகிற்று. அவன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அக்காளிடம் ரசம் கேட்டான். அவள் குழல் மேல் இருந்தபடியே ஊற்றிக் கொடுத்தாள்.

பாவாத்தாள் இறங்கவில்லை. இறங்கினால் துப்பாக்கி சாய்ந்துவிடும். அப்படியே தோளில் வைத்து வீட்டுக்குத் தூக்கிவந்தேன். வழியில் காய்கறி வாங்கினாள். கூடத்தில் இரண்டு நாற்காலி போட்டு அதன் மேல் துப்பாக்கியை வைத்திருக்கிறேன். அங்கிருந்தே டி.வி. பார்க்கிறாள். அவனை மன்னித்துத் தொலைத்தால் அவள் இறங்கலாம் என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

நேற்றுக் காலை ஒரு பெண் வந்தாள், நாற்பது வயதிருக்கும், கையில் பழத்தட்டு. சென்னியப்பன் மாமா பட்டம் கட்டியது தனக்குத்தான் என்றாள். பாவாத்தாளை அம்மா என்று கூப்பிட்டாள், என்னை அப்பா என்றாள். அப்புறம் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் குழலில் ஏறி, பாவாத்தாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். குழல் சற்றுத் தாழ்ந்தது, பின்னால் எடை போதவில்லை. நான் ரப்பர் மூடியைக் கழற்றி, குழிவில் வாயை வைத்தேன்.