மண்ணெண்ணெய்க் கணக்கு

எரிபொருள் புள்ளிவிவரத் துறையில் அவள் உதவி இயக்குநர். நாட்டில் மாதாமாதம் எவ்வளவு பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் விற்கிறது, அதில் வண்டிக்குப் போவது எது, அடுப்புக்குப் போவது எது என்று பிரித்துச் சொல்வது வேலை. வீட்டுக்கு வீடு கேஸ் அடுப்பு வந்த பிறகும் மண்ணெண்ணெய் விற்பனை ஏறிக்கொண்டே போனதையும், கூடவே டீசல் விற்பனை இறங்கியதையும் அவள்தான் முதலில் கவனித்தாள். லாரிக்காரர்கள் டீசலில் விலை குறைந்த மானிய மண்ணெண்ணெயைக் கலக்கிறார்கள் என்று அறிக்கை எழுதினாள். அரசு மண்ணெண்ணெய் ஒதுக்கீட்டைப் பாதியாக வெட்டியது.

அவளுடைய தம்பி மண்ணெண்ணெய் மொத்த வியாபாரி.

அந்த வாரமே அவன் அலுவலகத்துக்கு வந்து அவள் மேசை முன் நின்றான். உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை.

"ஊர்ல வேற யாரும் கெடைக்கலயா உனக்கு?"

"உன்னைப் பத்தி ஒரு வார்த்தை எழுதலடா. அது நாட்டுக் கணக்கு."

"நாட்டுக் கணக்குல என் குடோன் இல்லயா?"

"இருக்கு. லாரிக்காரங்களுக்கு நீ விக்கிறதும் இருக்கு."

பக்கத்து மேசைக்காரர்கள் கணினியைப் பார்ப்பதுபோல் காதைத் தீட்டிக்கொண்டார்கள். தம்பியின் முகம் கறுத்தது.

"வாங்கிட்டுப் போறவன் அடுப்புல ஊத்துறானா, வண்டியில ஊத்துறானான்னு பின்னாடியே போய்ப் பாக்க முடியுமா? தப்பா எழுதிட்டேன்னு மாத்தி எழுது."

"தப்பா இருந்தா மாத்துவேன்."

"அப்ப அம்மாவ இனி நீயே வச்சுக்க."

வாய்ப்பேச்சு என்று நினைத்தாள். மாலையில் வீட்டுக்குப் போனால், வாசலில் அம்மா, இரண்டு பைகள், மருந்து டப்பா. தம்பி இறக்கிவிட்டுப் போயிருந்தான். பையைத் தூக்கப் போன கையை அம்மா தட்டிவிட்டாள்.

"கூடப் பொறந்தவன் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டு, பையத் தூக்க வந்துட்டா."

"அவன் யாருக்கு வித்தான்னு தெரியுமாம்மா உனக்கு?"

"தெரியாம என்ன? அந்தக் குடோன் மாடியிலதான படுத்துக் கெடந்தேன். உங்கப்பாவும் அவங்களுக்குத்தான் வித்தாரு. உன்ன காலேஜுக்கு அனுப்புனது எதுன்னு நெனச்ச?"

அவள் மருந்து டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

அடுத்த மாத விவரங்கள் வந்தன. மண்ணெண்ணெய் எவ்வளவு இறங்கியதோ, ஏறக்குறைய அவ்வளவு டீசல் ஏறியிருந்தது. இயக்குநர் கூப்பிட்டுப் பாராட்டினார். அவள் தலையாட்டிவிட்டு வந்தாள்.

தம்பி குடோனைப் பூட்டிவிட்டு மனைவியின் ஊருக்குப் போய்விட்டான். அவள் போன் செய்தால் எடுப்பதில்லை. அம்மா கூப்பிட்டால் முதல் மணியிலேயே எடுக்கிறான். அம்மா அறைக்கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசுவாள். ஆனாலும் கூடம்வரை கேட்கும்.

"எனக்கென்னடா இங்க? ஆபீசர் வீடு. அளந்துதான் சோறு."

அவள் கதவைத் தட்டினாள். "சாப்பாடு ஆறுதும்மா."

உள்ளே பேச்சு நின்றது. கதவு திறக்கவில்லை.