டையால் துடைத்த கண்ணாடி

எங்கள் ஊர் பாரிங்காவில் நாற்காலியைக் கண்டால் முதலில் குனிந்து ஒரு ஊது ஊதுவோம், அப்புறம்தான் உட்காருவோம். யாரும் சொல்லித்தந்த பழக்கமில்லை. துறைமுகத்தில் மலைமலையாகத் திறந்து கிடக்கும் இரும்புத்தாதுவின் செந்தூள், கொடியில் காயும் வெள்ளைச் சட்டையைக்கூட விட்டுவைக்காது. என் மகள் டெஸ் இன்ஹேலர் இல்லாமல் பள்ளிக்கூடம் போனதே இல்லை.

அந்தக் குவியல்களுக்குக் கூரை போடும்படி தாதுக் கம்பெனிக்கு உத்தரவு போடுவதா, வேண்டாமா என்று நகரசபை கூடியிருந்தது. கம்பெனிக்காகப் பேச பெர்த் நகரத்திலிருந்து கிராண்ட்லி வந்திருந்தார். வெளிர்நிறக் கோட்டு, நீலப் பட்டு டை. நான் நரெல், ஊர்ப் பத்திரிகைக்குப் படம் எடுப்பவள். "படத்தை எடு, வாயைத் திறக்காதே" என்று சொல்லித்தான் ஆசிரியர் கூட்டி வந்தார். கம்பெனி விளம்பரம் நின்றால் பத்திரிகையும் நின்றுவிடும்.

"போன மாசத்துலேர்ந்து தண்ணி தெளிக்கிறோம். இப்ப ஒரு சிட்டிகை தூசி கிடையாது. நீங்க காட்டுற கறையெல்லாம் பழசு," என்றார் கிராண்ட்லி.

உறுப்பினர்களில் பாதிப் பேர் தலையாட்டினார்கள்.

பேசி முடித்தவர் படத்துக்கு நின்றார். கேமராவின் முன்கண்ணாடியில் செந்தூள் படிந்திருந்தது. பையிலிருந்து ரப்பர் ஊதுபந்தை எடுக்கக் குனிந்தேன். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். அதற்குள் அவர் கேமராவைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன கண்ணு, இவ்ளோ அழுக்கா வெச்சிருக்க? குடு இப்படி."

"ஐயோ, ஊதாம துடைக்காதீங்க!" என்று தலைவி க்ளெனிஸ் மேடையிலிருந்தே கத்தினாள். அவர் டை நுனியால் அழுத்தித் தேய்த்தார். சர்ரென்று கேட்டது. மண்டபத்துக்கே பல் கூசியது.

"இப்பப் பாரு, பளபளன்னு இருக்கு."

"நரெல், வேணாம்," என்று ஆசிரியர் பின்னாலிருந்து முணுமுணுத்தார். வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். கேமராவை வாங்கி, முன்னால் இருந்த ஃபில்டரைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். கண்ணாடி முழுக்கக் கீறல்.

"இது லென்ஸுக்குக் காப்பா மாட்டுறது. இன்னைக்குக் காலைலதான் புதுசாப் பிரிச்சு மாட்டினேன். வீட்டுலேர்ந்து இங்க நடந்து வந்தேன், அவ்ளோதான். தூசியே இல்லைன்னா இதைக் கீறினது எது? உங்க பட்டு டையா?"

எல்லாரும் டையைப் பார்த்தார்கள். நீலத்தில் செங்கோடு இழுத்திருந்தது.

"ஒரு சின்னக் கண்ணாடிக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டமா? வேற வாங்கித் தர்றேன்."

"எனக்கு வேணாம். எம்பொண்ணு நெஞ்சுக்கு முன்னால மாட்டுற ஃபில்டர் எந்தக் கடையில கிடைக்குது? அதை வாங்கிட்டு வாங்க."

ஃபில்டரை உறுப்பினர்கள் முன்னால் மேசையில் வைத்தேன்.

"உட்காருங்க, கிராண்ட்லி. ஓட்டெடுக்கணும்," என்றாள் க்ளெனிஸ்.

அவர் டையைப் பார்த்தார். தன் வெளிர்நிறக் கோட்டைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். பிறகு குனிந்து, எங்களைப் போலவே ஒரு ஊது ஊதினார்.

ஃபில்டருக்குப் பின்னால் லென்ஸ் சுத்தமாகவே இருந்தது. படம் எடுத்துவிட்டேன். மண்டபம் சிரித்து அடங்க வெகுநேரம் ஆனது.

"கூரை வேணாங்கிறவங்க கை தூக்குங்க," என்றாள் க்ளெனிஸ்.

ஒரு கைகூட எழும்பவில்லை.