குளோரின் போட்ட டேங்க்

ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் தண்ணீர் பிளான்ட் ஆபரேட்டர் நான். அந்தக் கொழுப்பில்தான் நேற்று சாயங்காலம் பென்னலூர் வீட்டு டேங்கிலும் குளோரினைக் கலந்துவிட்டு, "இனிமே நம்ம இருநூறு கோழிக்குஞ்சுக்கும் கம்பெனி தரத்துல தண்ணி" என்று என் மனைவி மதிவதனியிடம் பீற்றிக்கொண்டேன்.

இன்று காலை கம்பெனி பஸ்ஸில் பாதி வழியில்தான் உறைத்தது. வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான தடுப்பு மருந்தை ஏழு மணிக்குக் குஞ்சுகளின் குடிதண்ணீரில் கலந்து வைக்க மதிவதனியிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அது உயிருள்ள மருந்து. குளோரின் பட்டால் செத்துவிடும். மருந்து செத்தால், நோய் வரும் நாளில் குஞ்சுகளும் சாகும்.

போன் அடித்தேன். அவள் எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன், எடுக்கவில்லை. "அண்ணே, நிறுத்துங்க" என்று கத்தி இறங்கி, ஷேர் ஆட்டோவில் பாதி உடம்பை வெளியே விட்டபடி திரும்பினேன்.

மருந்துக்காக இரண்டு மணி நேரம் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்ததால் கொட்டகையில் ஒரே கூச்சல். ஆனால் மருந்துக் குப்பி ஐஸ் டப்பாவில் திறக்காமலே இருந்தது.

மதிவதனி இடுப்பில் குடத்தோடு வந்தாள். "டேங்க் தண்ணி ஆஸ்பத்திரி மாதிரி நாறுது. அதுல போய் மருந்து கலப்பாங்களா? பக்கத்து வூட்டுக் கெணத்துல எறைச்சிகினு இருந்தேன். போனு உள்ள கீது. நீ இன்னாத்துக்கு ஷிப்ட்ட வுட்டுட்டு வந்த?"

என்னுடைய பதினாலு வருட பிளான்ட் அனுபவத்தோடு கை நீட்டி அவள் இடுப்புக் குடத்தை வாங்கிக்கொண்டேன்.

"குடம் தூக்கத்தான்" என்றேன்.